அர்த்தநாரியின் இடது கால்

நாவற்குன்றின் அடிவாரத்தில் வடிவம்மையின் மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைவுக்கு வரவேண்டாம். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, வாசலில் ஒரு வேப்பமரம். அவ்வளவுதான்.

குரு வடிவம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் அர்த்தநாரிக்கு அறுபது முடிந்துவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் வெளியூரில். வீட்டுச் சாவியை மகனுக்கு அனுப்பிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

அர்த்தநாரி எதையும் அவசரமாகச் செய்கிற ஆள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் பஸ் முழுக்க டிக்கெட் கொடுத்துப் பழகியவர். ஞானத்தையும் அப்படி முடித்துவிடலாம் என்று நம்பினார்.

ஒருநாள் காலை வடிவம்மை நடைப்பயணம் கிளம்பிக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை அப்படிப் போவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

அர்த்தநாரி வந்து நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்க."

"புலனை அடக்கிட்டோம்னு ஒருத்தனுக்கு எப்படீங்க தெரியும்? ஏதாச்சும் அடையாளம் இருக்குதுங்களா?"

"அடையாளம் தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"வந்துருச்சான்னு தெனமும் பாத்துக்குவேனுங்க."

வடிவம்மை சிரித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"போயிட்டு வந்து சொல்றேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுவது சுலபம்.

குரு போன பிறகு ஒரு நாள், அர்த்தநாரி ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். சமையற்கட்டில் காளியாத்தா இருந்தாள். மடத்துக்குச் சமைத்துப் போடுகிறவள் அவள்தான். சிமெண்டுத் தரையைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆருடா அது மடத்துல கோழி அறுத்தது?"

வாசலிலிருந்து அடுப்புவரை சிவப்புச் சிவப்பாகத் தடம் இருந்தது. ஒரு காலின் தடம் மட்டும். அது அர்த்தநாரியிடம் போய் முடிந்தது.

காளியாத்தா அவரை உட்காரவைத்துப் பார்த்தாள். இடது உள்ளங்காலில் விரல் நீளத்துக்குக் கருவேல முள் ஏறியிருந்தது.

"வலிக்கலீங்களா?"

"எது?" என்றார் அர்த்தநாரி.

அந்த 'எது'தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

காளியாத்தாவுக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. கையெடுத்துக் கும்பிட்டாள். முள்ளை அவரே பிடுங்கினார். பிடுங்கும்போதும் ஒன்றும் தெரியவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இடது உள்ளங்காலில் விரலை வைத்து வருடிப் பார்த்தார். கூசவில்லை. வலது உள்ளங்காலை வருடினார். அதுவும் கூசவில்லை! ஊசியை எடுத்துக் குத்தினார். இடது கால் சும்மா இருந்தது. வலது காலில் மட்டும் சுருக்கென்றது. வலது காலுக்கு இன்னும் கொஞ்சம் பக்குவம் போதாது, பின்னாலேயே வந்துவிடும் என்று முடிவு கட்டினார்.

அப்புறம் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில்தான். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கும் வேண்டாம், வேலைக்கும் வேண்டாம் என்று ஆகிவிட்ட ஒரு மனிதருக்கு, கடவுள் தன் உடம்பிலேயே ஒரு முத்திரையைப் போட்டுவிட்டார் என்று தோன்றினால் எப்படி இருக்கும்!

விஷயம் குன்றைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் பரவியது. காளியாத்தாவின் வாய்க்கு அது பெரிய வேலை இல்லை. முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அப்புறம் வேனில் வந்தார்கள். முள் சாமி என்று பேர் வைத்தார்கள். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, காலடியில் மஞ்சள் துணி விரித்த முக்காலி வைத்தார்கள். நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். சாமியைத் தொட்டால் தவம் கலைந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று தெரியாததால் எல்லோரும் நம்பினார்கள். அதிலிருந்து அர்த்தநாரியை யாரும் தொடவில்லை. பூவைக்கூடத் தூர நின்று தூவினார்கள்.

ஊர்த் தர்மகர்த்தா நாச்சிமுத்துக் கவுண்டர் ஒருநாள் தட்டில் பழம் வெற்றிலையோடு வந்தார்.

"சாமி, மாரியாத்தா குண்டம் வருதுங்க. எல்லாருந்தான் எறங்கறாங்க. எறங்கி ஓடிப்போயர்றாங்க. நீங்க அப்படியில்லீங்க. நடுக்குண்டத்துல நின்னு சனத்துக்குத் திருநீறு குடுக்கோணும்."

குண்டம் என்பது தீக்குழி. வேப்பங்கட்டையும் புளியங்கட்டையும் எரித்து, கங்கு பரப்பி, அதன்மேல் நடப்பார்கள்.

அர்த்தநாரி யோசிக்கவே இல்லை.

"நிக்கறேனுங்க."

மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் குண்டம் இறங்காமல் இருக்கக் கூடாது. இறங்காவிட்டால் ஊருக்கு ஆகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஊர் முனையில் அவருடைய படம் போட்ட பேனர் எழும்பியது. 'உணர்வை வெண்ற உத்தமரே வருக' என்று இருந்தது. எழுத்துப்பிழையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவ்வளவு உற்சாகம்.

குண்டத்தன்று மதியம் வடிவம்மை திரும்பி வந்தார். சுற்றுவட்டாரத்தில் மற்ற ஊர்க் குண்டமெல்லாம் விடியற்காலையில். இந்த ஊரில் மட்டும் வெயில் தாழ்ந்த பிறகு. அதனால் மடத்து வாசலில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது.

மஞ்சள் துண்டு கட்டிய ஒருவன் கையை நீட்டி மறித்தான்.

"அம்மிணி, இப்படி நடுவுல பூந்தா எப்படி? வரிசைல வாங்க."

வடிவம்மை தன் மடத்தின் வாசலையும் அவனையும் பார்த்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

முன்னால் நின்றவளுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"நீங்க இப்பத்தான் வர்றீங்களா? முள்ளு ஏத்துனாலும் தெரியாதாமா! ஊசி வச்சுக் குத்துனாலும் அப்படியே உக்காந்திருப்பாராமா!"

"எந்தக் கால்ல?" என்று கேட்டார் வடிவம்மை.

"எந்தக் கால்லயா? நல்லாக் கேட்டீங்க போங்க. சாமி காலுல எடது வலதெல்லாம் பாப்பாங்களா?"

வடிவம்மையின் முகம் மாறியது. வரிசை நகர நகர, முன்னால் இருந்தவர்களின் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அர்த்தநாரி கழுத்துவரை மாலையோடு உட்கார்ந்திருந்தார். குருவைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். வடிவம்மை கையமர்த்தினார். பிறகு கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"தொடக் கூடாதுங்க! தொடக் கூடாது!" என்று மஞ்சள் துண்டுக்காரன் பாய்ந்தான்.

நாச்சிமுத்துக் கவுண்டர் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"டேய், அது அவரோட குருவம்மாடா!"

கூட்டம் அடங்கியது. வடிவம்மை மண்ணில் உட்கார்ந்தார். அர்த்தநாரியின் இடது காலை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

குரு சீடனுடைய காலைப் பிடிப்பதாவது! அப்புறம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தார்கள்.

"குருவே காலடிக்கு வந்துட்டாங்கடோய்!"

பெண்கள் குலவை போட்டார்கள். தப்பட்டை அடிக்கிறவர்களைக் கேட்கவே வேண்டாம், அடித்துப் பிய்த்து உதறினார்கள். வெளியே நின்ற கூட்டம் என்னவென்று தெரியாமலே உள்ளே நெருக்கியது.

அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. மலர்மாலைக் குவியலுக்கு அப்பால் குரு கீழே உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். தான் அவரைத் தாண்டிவிட்டோம், அதை அவரே ஒப்புக்கொள்ள வந்திருக்கிறார். சொன்னால் சிரிப்பீர்கள், அவருடைய வலது கை மெதுவாக எழுந்தது. குருவுக்கு ஆசி கொடுக்க.

"தயங்காதீங்கம்மா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "தொடுங்க."

வடிவம்மை நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். அர்த்தநாரியின் இடது கால் அவர் மடிக்கு வந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. பெருவிரலால் உள்ளங்காலை அழுத்திக்கொண்டிருந்தார். குலவை போட்ட ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொடட்டுமா?" என்றார் வடிவம்மை.

"தொடுங்கம்மா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் இடது காலைப் பத்திரமாக முக்காலியில் வைத்தார். வலது காலின் அடியில் ஒற்றை விரல் நகத்தால் குதிகாலிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தார்.

"ஐயோ!"

அர்த்தநாரி நாற்காலியோடு துள்ளினார். மாலையெல்லாம் தெறித்தது.

"ஐயோ அம்மா! வேண்டாமுங்க! கூசுது, கூசுதுங்க! விட்ருங்க!"

வடிவம்மை விடவில்லை. கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே இருந்தார். உணர்வை வென்ற உத்தமர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். கூட்டத்துக்குச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. யாரும் அனுமதி கேட்டுச் சிரிக்கவில்லை. கவுண்டரின் மீசை துடித்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் வடிவம்மை கேட்டார்.

"அர்த்தநாரின்னு பேரு வச்சதால ஞானமும் பாதிதான் வந்துச்சுங்களா?"

அர்த்தநாரி மூச்சு வாங்கினார். முகம் சுருங்கியது.

"நானே வருடிப் பாத்தேனுங்களே. ரெண்டு காலுமே கூசலீங்க."

"உங்க விரல் எங்க வரப்போகுதுன்னு உங்க காலுக்கு முன்னாடியே தெரியும். அது எப்படிச் சிரிக்கும்? என் விரல் அதுக்குத் தெரியாது. அதான் சிரிச்சுச்சு."

"அப்ப எடது காலு? அதைத் தொடுங்க."

"தொட்டாச்சு."

"எப்பங்க?"

அர்த்தநாரி முன்வரிசை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லோரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வடிவம்மை பூத்தட்டை எடுத்துப் பூவைக் கொட்டினார். எவர்சில்வர் தட்டு. முந்தானையால் துடைத்து, இடது காலுக்குக் கீழே பிடித்தார்.

"குனிஞ்சு பாருங்க."

தன் உள்ளங்காலை யார்தான் பார்க்கிறார்கள்! அர்த்தநாரி குனிந்து தட்டுக்குள் பார்த்தார். நடுப்பாதத்தில் ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. குழிக்குள் பச்சையாக எதுவோ மின்னியது. பாட்டில் உடைந்த துண்டு.

"இது எப்ப ஏறுச்சுங்க?"

"உங்களுக்குத்தான் தெரியணும்."

அர்த்தநாரி தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சர்க்கரை இருக்குங்களா உங்களுக்கு?" என்று வடிவம்மை கேட்டார்.

"இருந்துச்சுங்க. மடத்துக்கு வந்தப்ப எல்லாத்தையும் விட்டுட்டேனுங்க."

"சர்க்கரையை விட்டீங்களா, மாத்திரையை விட்டீங்களா?"

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"மாத்திரையைத்தானுங்க. ஒடம்பே பொய்யி, அதுக்கு எதுக்கு மாத்திரைன்னு..."

"காப்பி?"

"அது ரெண்டு வேளையும் குடிக்கறனுங்க."

"மூணு!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து காளியாத்தா கத்தினாள். குண்டம் இறங்க மஞ்சள் சேலை கட்டி, கையில் வேப்பிலையோடு நின்றிருந்தாள். "சக்கரை தூக்கலாப் போடச் சொல்லி மூணு வேளை!"

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அர்த்தநாரி சிரிக்கவில்லை.

கவுண்டர் முன்னால் வந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"அம்மிணி, நீங்க சொல்றது வாஸ்தவமா இருக்கலாமுங்க. ஆனா குண்டத்துல கங்கு பூத்துருச்சு. காப்புக் கட்டுனவரு எறங்காமப் போனா ஊருக்கு ஆகாதுங்க. மழையில்லாமப் போச்சுன்னா, நோய்நொடி வந்துச்சுன்னா, அப்ப சனம் என்னையல்ல கேக்கும்?"

அர்த்தநாரி கூட்டத்தைப் பார்த்தார். எத்தனை கண்! பஸ்ஸில் ஆயிரமாயிரம் பேரைப் பார்த்திருக்கிறார். அவர்கள் டிக்கெட்டைப் பார்த்தார்கள், சில்லறையைப் பார்த்தார்கள். அவரை இப்படி யாரும் பார்த்ததில்லை.

"எறங்கிர்றேனுங்கம்மா," என்றார். "ஆத்தா பாத்துக்குவா."

"நின்னு திருநீறு குடுக்கறதாச் சொல்லியிருக்கீங்களாமே."

"ஆமாங்க. நடுவுல."

"சரி, இறங்குங்க," என்றார் வடிவம்மை.

கவுண்டருக்கே தூக்கிவாரிப்போட்டது.

"ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு முன்னால இறங்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க."

"என்னன்னு கேக்கோணுமுங்க?"

"கால் என்ன சொல்லுச்சுன்னு."

குண்டத்துக்குக் கூட்டம் திரண்டு போனது. அர்த்தநாரி நடந்தார். பக்கத்தில் வடிவம்மை நடந்தார். அர்த்தநாரியின் இடது காலில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தார்.

கோயில் முன்னால் வெக்கை ஆளைத் தள்ளியது. குழி நீளத்துக்கும் கங்கு செக்கச்செவேலென்று கிடந்தது. விசிறி விட்டவர்கள் ஒதுங்கினார்கள். தப்பட்டை, பம்பை, உருமி எல்லாம் ஒரே சமயத்தில் முழங்கின. பூசாரி முதலில் இறங்கி ஓடினார். அடுத்து, ஒவ்வொரு வருடமும் இறங்கும் காளியாத்தா.

"ஆத்தா! மாரியாத்தா!"

ஓடினாள் என்றால் ஓட்டம். கங்கு சிதற, சேலை பறக்க, இந்த முனையில் இறங்கியவள் அந்த முனையில் பால் ஊற்றிய குழிக்குள் போய் விழுந்தாள். ஜனம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே மயிர்க்கூச்செறிகிறது.

அர்த்தநாரி துணி சுற்றிய காலோடு குழியைச் சுற்றிப் போய் அவளிடம் நின்றார்.

"காளியாத்தா, உன்ற காலு என்ன சொல்லுச்சு?"

அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஓடு ஓடுன்னுச்சுங்க!"

"சூடு தெரிஞ்சுதா?"

"தெரியாமீங்களா? உள்ளங்கால்ல சுரீர்னு ஆத்தா பேசுவாளுங்க. நிக்காத கண்ணு, போ, போன்னு பின்னாலேயே தொரத்துவா. அவ அப்படித் தொரத்தாட்டி நான் அங்கயே நின்னு வெந்துல்லீங்க போயிருவேன்!"

அர்த்தநாரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"முள் சாமி வாராரு! வழி விடுங்க!"

குண்டத்தின் முனையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காலில் இருந்த துணியை மஞ்சள் துண்டுக்காரன் அவிழ்த்துவிட்டான். திருநீற்றுத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். வெக்கை முகத்தில் அறைந்தது. மேளம் உச்சத்துக்குப் போயிற்று.

பின்னால் வடிவம்மையின் குரல் கேட்டது.

"வலது கால் என்ன சொல்லுது?"

"பின்னால வான்னுதுங்க."

"இடது கால்?"

அர்த்தநாரி காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் கண்ணை மூடி, கால் ஏதாவது சொல்கிறதா என்று கவனித்தார்.

அப்போது காளியாத்தா குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அலறினாள்.

"காலு! காலைப் பாருங்க! கங்கு!"

குழியிலிருந்து சிதறிய ஒரு கங்கின் மேல் அவருடைய இடது கட்டைவிரல் அழுந்தியிருந்தது. புகை வந்துகொண்டிருந்தது. தோல் கருகும் வாசனை மற்றவர்களுக்கு வந்தது. வடிவம்மை இடுப்பைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பின்னால் இழுத்தார். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். திருநீறு காற்றில் பறந்தது.

அர்த்தநாரி உட்கார்ந்தபடியே கட்டைவிரலைப் பார்த்தார். அது வெந்து வெளுத்திருந்தது. முகத்தில் வலியே இல்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஒண்ணுமே சொல்லலீங்கம்மா," என்றார். "எரியுது, அப்பவும் ஒண்ணுமே சொல்லலீங்க."

"அப்ப அதுக்கும் சேர்த்து நீங்கதான் பேசணும்," என்றார் வடிவம்மை.

அர்த்தநாரி அவரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வடிவம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நெரிசலில் பின்படிக்கட்டிலிருந்து டிரைவருக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை அது.

"எறங்கலீங்க!"

தப்பட்டை தடுமாறியது.

"நான் எறங்கலீங்க! எனக்குச் சக்கரை! காலு செத்துப் போச்சு! நான் எதையும் செயிக்கலீங்க, எனக்கு வலி தெரியலை, அவ்வளவுதான்! நான் சாமி இல்லீங்க! ஆராச்சும் என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ஒருவன் சிரித்தான். ஊர் நாசமாகப் போகும் என்று ஒரு கிழவர் கத்தினார். அர்த்தநாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடி ஒளிய ஓர் இடம் இல்லை.

கவுண்டர் அசையவில்லை. அவர் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யனுக்கும் இப்படித்தான்," என்று தனக்குத்தானே சொன்னார். "முட்டிக்குக் கீழ எடுத்தாங்க."

பிறகு நிமிர்ந்தார். பூசாரியைப் பார்த்து அதட்டினார்.

"என்ன முழிக்கற? காப்பை அவுத்துச் சூலத்துல கட்டு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன்." மஞ்சள் துண்டுக்காரனிடம் கார்ச் சாவியை எறிந்தார். "வண்டியைக் கொண்டாடா. ஓட்டமா!"

காரின் பின்சீட்டில் அர்த்தநாரியைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். வடிவம்மை மறுபக்கக் கதவு வழியாக ஏறிக்கொண்டார். ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வண்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிளம்பியது. பின்னால் மறுபடியும் மேளம் தொடங்கியது. அடுத்த ஆள் குண்டம் இறங்கிக்கொண்டிருந்தார்.

பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, வண்டி தார் ரோட்டைப் பிடித்தது.

"காலை எடுத்துருவாங்களாம்மா?"

"தெரியலை. சீக்கிரம் போறோம்."

"பயமா இருக்குதுங்க."

"இருக்கட்டும்."

கொஞ்ச தூரம் போனார்கள். அர்த்தநாரி குனிந்து பார்க்க முயன்றார். முன்சீட்டு மறைத்தது, வயிறும் மறைத்தது. அவர் பதறினார்.

"அம்மா, என்ற எடது காலு எங்கீங்க?"

"என் மடியில இருக்கு."

"புடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியலீங்களே."

"எனக்குத் தெரியுது," என்றார் வடிவம்மை.